வாதி: மைனர்

வாதியின் பெயர்: மூங்கிலடிக் கரியான் சாமி.
வயது: மைனர்.
சாமி என்றைக்கும் மைனர்தான் என்கிறது சட்டம்.
தந்தை பெயர் என்ற இடத்தில்
டைப்பிஸ்ட் ஒரு கோடு போட்டிருந்தாள்.

நான் நாலாம் சாட்சி. ஏற்காட்டு நில அளவர்.
சாமிக்காகவும் வரவில்லை, எதிராகவும் வரவில்லை,
சம்மன் வந்தது, வந்தேன்.

எஸ்டேட் தரப்பில் செம்பியன் வக்கீல்.
ஞாயிற்றுக்கிழமையிலும் கறுப்பைக் கழற்றாதவர்.
அஸ்தம்பட்டி முனையில் மைக் பிடித்து
கடவுள் இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்பவர்.
இன்று இங்கேயும் சொல்லிவிடுவார் என்று
கோர்ட் ஹால் நிறையக் கூட்டம்.

சொல்லவில்லை.

அவர் கட்சிக்காரரின் குத்தகைப் பத்திரத்தில்
எழுதிக்கொடுத்தவர் கரியான் சாமி.
சாமி இல்லையென்றால் குத்தகை இல்லை,
குத்தகை இல்லையென்றால்
காப்பி இல்லை, மிளகு இல்லை, ஃபீஸும் இல்லை.
"வாதி இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை"
என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.
பூசாரி வெள்ளையன் மட்டும்
இதில் என்ன சேதி என்பதுபோல
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்புக்கொண்டதை நிரூபிக்கத் தேவையில்லை.
பதினொன்றே காலுக்குக் கடவுள் பிரச்சினை முடிந்தது.
எல்லைப் பிரச்சினைதான் மிச்சம்.

அதற்குத்தான் போன மாதம் என்னை மேலே அனுப்பினார்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
பதினேழாவதில் செயின்மேனுக்கு வாந்தி.
நாலு கல்லில் மூன்று கிடைத்தன.
ஒன்று சில்வர் ஓக் வேருக்குள்.
ஒன்றில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒன்று அப்படியே நின்றது,
நட்டவன் நேற்றுத்தான் இறங்கிப் போனதுபோல.
நாலாவது, சாமி பக்கத்துக் கல், காணோம்.
பனி வேறு. ஐந்தடிக்கு அப்பால்
எழுதாத தாள்.

படத்தில் அளவு இருக்கிறது.
இரண்டு கல்லிலிருந்து கோடு இழுத்தால் போதும்,
நாலாவதின் இடம் தெரிந்துவிடும்.
மூன்றாவது கோடு
மற்ற இரண்டும் பொய் சொல்கின்றனவா என்று பார்க்க.
இழுத்தோம். ஒரே புள்ளியில் வந்து விழுந்தன.
விரக்கடைப் பிசகில்லை.

தோண்டினோம்.
முழங்கால் ஆழம். செம்மண், மண்புழு,
அதற்கும் கீழே ஒரு கைப்பிடிக் கரி.
"கல்லுக்கு அடியில கரி போட்டுத்தான் நடுவாங்க" என்றான் செயின்மேன்.
"காட்டுத்தீயும் கரிதான் போடும்" என்றேன்.
வெள்ளையன் குனிந்துகூடப் பார்க்கவில்லை,
காற்றுக்கு முதுகு காட்டி பீடி பற்றவைத்தார்.
"அங்கதாம்மா இருக்கும்" என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.

குறுக்கு விசாரணை.
"கல்லைப் பார்த்தீர்களா?"
"இல்லை."
"பிறகு எப்படி இருந்தது என்கிறீர்கள்?"
"இருந்தது என்று சொல்லவில்லை.
இருந்தால் அங்கேதான் என்கிறேன்."
"இது யூகம்."
"கணக்கு."
செம்பியன் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார்,
புரட்டியபடியே நின்றுவிட்டார்.
பிறகு குரல் தாழ்த்தி, வழக்கை மறந்தவர்போல,
"உங்களுக்கு மூன்று கல் கிடைத்துவிட்டதம்மா" என்றார்.
நீதிபதி அதைப் பதிவு செய்ய வேண்டாம் என்றார்.

பஸ்ஸில் என் கற்களை எண்ணிப் பார்த்தேன்.

ஒன்று, பெரியாஸ்பத்திரியில்
விடியற்காலை மூன்று மணிக்கு
மகனுக்குக் காய்ச்சல் இறங்கியது.
அடுத்த கட்டில் பிள்ளைக்கு இறங்கவில்லை.
அவன் அம்மாவும் அதே சுவரைப் பார்த்துத்தான் கும்பிட்டாள்.
அந்தக் கல்லை எந்தப் பக்கத்திலிருந்து அளப்பது
என்று இன்னும் தெரியவில்லை.
இரண்டாவதைச் சொல்லமாட்டேன், சிரிப்பீர்கள்.
மூன்றாவதைத் தேடுவதற்குள்
ஐந்து ரோடு வந்துவிட்டது, இறங்கினேன்.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு, 'கல்லின் நிலை'.
இருக்கிறது, சாய்ந்திருக்கிறது, இல்லை.
பேனா கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.
'இல்லை'யில் டிக் அடித்தேன்.
பக்கத்தில் இடத்தின் அளவை
சென்டிமீட்டர் வரைக்கும் எழுதினேன்.

புதுக்கல் நடும் கட்டணம்
வாதியிடம் வசூலிக்க வேண்டியது.